ஆண்டர்சன் இல்லாத யெஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பச்சி பினாங்கில் இருந்த காலத்தில் வாங்கிய இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய வீட்டில் கிடக்கின்றன. அதில் யெஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் தட்டுகள் ஏழெட்டு இருக்கும். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகியவை.

போன மாதம் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காக எல்லோரும் ஊரில் கூடினோம். பெரியப்பா மகன், பெங்களூரில் இருக்கும் அண்ணன், அவரும் வந்திருந்தார். பட்டாசாலையில் உட்கார்ந்து, பாடகர் ஜான் ஆண்டர்சன் இல்லாமல் யெஸ் 1980-ல் வெளியிட்ட டிராமா ஆல்பத்தைப் போட்டேன். இரண்டு நிமிஷம்கூடக் கேட்கவில்லை. “ஆண்டர்சன் பாடாதது யெஸ்ஸே இல்ல. இதைக் கொண்டுபோய் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில போட்டுட்டு வா, வர்ற காசுக்கு நல்ல தட்டு வாங்கலாம்” என்றார். பேச்சு அப்படியே வளர்ந்து 2014-ல் வந்த ஹெவன் அண்ட் எர்த் வரை போயிற்று. “செத்த ஆல்பம், பேரை வைத்துப் பிழைக்கிறார்கள்” என்றார். நோயில் கிடந்த ஆண்டர்சனை விட்டுவிட்டு வேறு ஆளைச் சேர்த்தவர்களை மன்னிக்கவே முடியாது என்றும் சொன்னார். பந்தியில் உட்கார்ந்த பிறகும் ஓயவில்லை.

எனக்கு டிராமா பிடிக்கும். ஆனால் அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆண்டர்சன் இல்லாத யெஸ்ஸை யெஸ் என்று சொல்லலாமா?

அன்புடன்,
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள தம்பிக்கு,

சொல்லலாம். டிராமா யெஸ் ஆல்பம்தான். எழுபதுகளின் கடைசியில் ஆண்டர்சனோடு அவர்கள் செய்ததைவிட உயிருள்ள ஆல்பம் என்றுகூடச் சொல்வேன்.

உங்கள் அண்ணனின் கோபம் எனக்குப் புரிகிறது. வருடக்கணக்காக ஒரு குரலோடு வாழ்ந்தவருக்கு, அந்த இடத்தில் இன்னொரு குரல் கேட்டால் தன் வீட்டு வளவுக்குள் முன்பின் தெரியாத ஆள் நடமாடுவது போலத்தான் இருக்கும். ஆனால் ஒருவருக்கு நடந்த அநீதி வேறு, தட்டில் இருக்கும் பாட்டு வேறு. உங்கள் அண்ணன் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார். முதலில் அதை அவிழ்க்க வேண்டும்.

1968-ல் லண்டனில் ஜான் ஆண்டர்சனும் பேஸ் கிதார் வாசிக்கும் கிறிஸ் ஸ்கொயரும் சேர்ந்து தொடங்கிய குழு அது. தொடங்கியபோது இருந்த கிதார்காரர் பீட்டர் பேங்க்ஸ் 1970-லேயே போனார். கீபோர்டு வாசித்த டோனி கே 1971-ல் போனார். டிரம்ஸ் வாசித்த பில் ப்ரூஃபோர்ட் 1972-ல் விலகி கிங் கிரிம்சன் என்ற குழுவுக்குப் போனார். ப்ரூஃபோர்ட் போனது சாதாரண இழப்பா? அவர் அடித்த மாதிரி அடிக்க அன்று இன்னொருவர் இல்லை. ஆனாலும் அந்த இடத்துக்கு ஆலன் வைட் வந்தபோது ‘இது யெஸ்ஸே இல்லை’ என்று யாரும் தட்டை விற்கக் கிளம்பவில்லை. பாடுகிறவர் போனால் மட்டும் குழுவே செத்துவிட்டது என்கிறோம். நம் சினிமாவில் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.எஸ். ஒருவரே பாடியதை ஒத்துக்கொண்ட காதுகள் நம்முடையவை. நாம் இதில் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு 1989-லேயே ஒருமுறை வந்தது. ஆண்டர்சன், ப்ரூஃபோர்ட், கீபோர்டு வாசிக்கும் ரிக் வேக்மேன், கிதார் வாசிக்கும் ஸ்டீவ் ஹோவ் நான்கு பேரும் சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டார்கள். எழுபதுகளின் யெஸ்ஸில் ஸ்கொயர் ஒருவர்தான் குறை. ஆனால் பெயர் அவர் பக்கம் இருந்தது. அதனால் நான்கு பேரும் தங்கள் பெயர்களையே வரிசையாகப் போட்டு அதை வெளியிட வேண்டியதாயிற்று. ஆண்டர்சன் எங்கேயோ அங்கேதான் யெஸ் என்று சொல்கிற உங்கள் அண்ணன், அட்டையில் யெஸ் என்று போடாத அந்த ஆல்பத்தை என்ன சொல்லி அழைப்பார் என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, டிராமாவுக்கு வருவோம்.

1979 கடைசியில் பாரிஸில் புதிய ஆல்பத்துக்கான வேலை பாதியில் நின்றுபோனது. ஆண்டர்சனும் வேக்மேனும் விலகினார்கள். மிஞ்சியவர்கள் ஸ்கொயர், ஹோவ், வைட். அவர்களோடு வந்து சேர்ந்தவர்கள் ட்ரெவர் ஹார்ன், ஜெஃப் டௌன்ஸ் என்று இரண்டு பேர், பகிள்ஸ் என்ற பெயரில் பாப் பாட்டு போட்டவர்கள். அவர்களுடைய ஒரு பாட்டு 1979-ல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. 1981-ல் எம்டிவி தொடங்கியபோது முதலில் ஒளிபரப்பியதும் அதைத்தான். இருபது நிமிஷப் பாட்டு போடும் குழுவுக்கு, வானொலிக்காக மூன்று நான்கு நிமிஷப் பாட்டு எழுதுகிற இரண்டு பேர். ரசிகர்களுக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கும், சந்தேகமில்லை.

அதே 1980-ஐ இன்னொரு வகையிலும் பாருங்கள். ஏப்ரலில் பிளாக் சாபத், ஆஸி ஆஸ்போர்ன் இல்லாமல் டியோவைப் பாட வைத்து ஹெவன் அண்ட் ஹெல் வெளியிட்டது. பிப்ரவரி 19 அன்று பான் ஸ்காட்டைப் பறிகொடுத்த ஏசி/டிசி, ஜூலையில் பிரையன் ஜான்சன் குரலில் பேக் இன் பிளாக் வெளியிட்டது. உலகத்தில் அதிகம் விற்ற ஆல்பங்களில் அது ஒன்று. ஆகஸ்டில் டிராமா. ஒரே வருடத்தில், நான்கு மாத இடைவெளிக்குள், பாடகரை இழந்த மூன்று பெரிய குழுக்கள் மூன்று நல்ல ஆல்பங்கள் தந்தன. அதிர்ஷ்டம் என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. போனவரின் இடத்தில் அவரைப் போல ஒருவரை நிறுத்தி அவர்கள் பழைய பாட்டை மறுபடி எழுதவில்லை. வந்தவரின் தொண்டைக்கு எது வருமோ அதற்குப் புதிதாக எழுதினார்கள். டியோவுக்கு எழுதியதை ஆஸி பாட முடியாது, பாட வேண்டிய அவசியமும் இல்லை.

டிராமாவின் முதல் பாட்டு மெஷின் மெசையா. பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடும். ஆண்டர்சன் காலத்தில் யெஸ் இவ்வளவு கனமாக ஒரு பாட்டைத் தொடங்கியதில்லை. ஹோவின் கிதார் கிட்டத்தட்ட ஹெவி மெட்டல் போல இறங்கும். பிறகு குரல் வரும் இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அது ஹார்ன் குரல் மட்டும் இல்லை, கூடவே ஸ்கொயரும் பாடுகிறார். இங்கேதான் உங்கள் அண்ணன் ஒன்றைத் தவற விடுகிறார். ‘ஆண்டர்சன் குரல்’ என்று நாம் மனசில் வைத்திருப்பது பெரும்பாலும் ஆண்டர்சனும் அவருக்குக் கீழே ஸ்கொயரும் பக்கத்தில் ஹோவும் சேர்ந்து பாடிய குரல். மூன்றில் இரண்டு டிராமாவிலும் அப்படியே இருக்கிறது.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டையும் சொல்ல வேண்டும். ஸ்கொயரின் பேஸில்தான் தொடங்கும். கடைசியில் எல்லாம் அடங்கி, முடிந்துவிட்டது என்று ஊசியை எடுக்கக் கை போகும். அப்போது பேஸ் மறுபடி கிளம்பும், இந்தத் தடவை அதுவே பாடகர். ஸ்கொயர் தன் ரிக்கன்பேக்கர் பேஸ் கிதாரில், கம்பியை மீட்டும் பிக் வைத்துப் பளீரென்று வாசிப்பார். ஆண்டர்சன் இருந்திருந்தால் அந்த இடம் பேஸுக்குக் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். ஒரு குரல் விலகியபோது, அதுவரை பின்னால் நின்றவர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள். டிராமாவின் மதிப்பு அதுதான். இங்கிலாந்தில் அது இரண்டாம் இடம் வரை போனது.

மேடையில் கதை வேறு. ஆண்டர்சனின் இயல்பான உச்ச சுருதியில் அமைந்த பழைய பாட்டுகளை ராத்திரிக்கு ராத்திரி பாட ஹார்ன் திணறினார். அவர் தொண்டைக்கு எழுதாத பாட்டுகள். 1981 தொடக்கத்தில் குழு கலைந்தது. ஹார்ன் தயாரிப்பு வேலைக்குத் திரும்பினார். 1983-ல் ஆண்டர்சன் திரும்பி வந்து பாடிய யெஸ் ஆல்பத்தைத் தயாரித்தவர் அதே ஹார்ன். அமெரிக்காவில் யெஸ் முதலிடம் பிடித்த ஒரே பாட்டு அதிலிருந்துதான் வந்தது. ஆண்டர்சன் இடத்தில் நின்றவரே ஆண்டர்சன் குரலை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனார். இதை உங்கள் அண்ணனிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆண்டர்சன் ஆளா, ஹார்ன் ஆளா என்று கத்தாமல் இந்தச் சண்டையைக் காதாலேயே தீர்க்க ஒரு வழி இருக்கிறது. 2011-ல் ஃப்ளை ஃப்ரம் ஹியர் என்ற யெஸ் ஆல்பம் வந்தது. பாடியவர் பெனுவா டேவிட் என்ற கனடாக்காரர், யெஸ் பாட்டுகளைப் பாடும் குழு ஒன்றிலிருந்து வந்தவர். தயாரித்தவர் ஹார்ன். 2018-ல் அதே ஆல்பத்தை, டேவிட் பாடிய இடங்களில் ஹார்னே பாடி மறுபடி வெளியிட்டார்கள். இசை கிட்டத்தட்ட அதேதான், குரல் மட்டும் வேறு. இப்படி ஒரு பரிசோதனை ரசிகர்களுக்கு எப்போதாவதுதான் கிடைக்கும். விமானதளத்தில் ஒரு சோகமான இரவைப் பற்றிய பகுதி ஒன்று அதில் உண்டு. அதை இரண்டு பதிப்பிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். டேவிட் குரல் மெல்லியது, மேலே மிதப்பது, ஆண்டர்சனை நினைவுபடுத்துவது. ஹார்ன் குரல் வறண்டது, வயதானது, கொஞ்சம் கரகரப்பு. எனக்கு ஹார்ன் பாடியதுதான் நெஞ்சில் நிற்கிறது. பாட்டின் துக்கம் அந்தத் தொண்டையில் உட்காருகிறது. ஆண்டர்சனைப் போல இருப்பவரைவிட, போல இல்லாதவர் அந்தப் பாட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறார்.

ஹெவன் அண்ட் எர்த்தில் எனக்கு இருக்கும் குறையும் இதோடு சேர்ந்ததுதான். அதில் பாடிய ஜான் டேவிசன் நல்ல பாடகர். குரல் ஆண்டர்சனுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆல்பம் முழுக்க, போனவர் போகவே இல்லை என்று நம்மை நம்ப வைக்கப் பார்க்கிறது. வேகம் இல்லை. ஸ்கொயரும் வைட்டும் இருந்தும் தாளம் தூங்கி வழிகிறது. கடைசிப் பாட்டில்தான் அவர்கள் கண் விழிக்கிறார்கள். டேவிசனை அவராகப் பாட விட்டு, அவரைச் சுற்றி இவர்கள் சண்டை போட்டிருக்க வேண்டும்.

அடுத்தது அநீதி. அதில் நான் உங்கள் அண்ணன் பக்கம். 2008 மே மாதம் ஆண்டர்சனுக்குக் கடுமையான மூச்சுக்கோளாறு. டாக்டர்கள் ஓய்வு எடுக்கச் சொன்னார்கள், நாற்பதாம் ஆண்டுப் பயணம் நின்றது. அந்த வருடக் கடைசியிலேயே மற்றவர்கள் டேவிட்டோடு கிளம்பிவிட்டார்கள். முதலில் யெஸ் என்ற பெயரில் இல்லாமல், யெஸ்ஸைச் சேர்ந்த ஹோவ், ஸ்கொயர், வைட் என்றுதான் விளம்பரம் செய்தார்கள். அவர்களுக்கே ஒரு கூச்சம் இருந்திருக்க வேண்டும். குழுவைத் தொடங்கிய மனிதர் குணமாகும்வரை காத்திருக்கலாம், காத்திருக்க முடியாவிட்டால் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். தன் வருத்தத்தை ஆண்டர்சன் வெளிப்படையாகவே சொன்னார். அது நியாயமான வருத்தம். பிறகு டேவிட்டுக்கும் அதே மூச்சுக்கோளாறு வந்து, 2012-ல் அவர் இடத்துக்கு டேவிசன் வந்தார். ஆனால் இந்தக் கணக்கை 1980-ல் வந்த தட்டின் மேல் எழுதக் கூடாது. அன்று ஆண்டர்சன் தானாகவே விலகினார்.

இதை எழுதும்போது நம் காரைக்குடி வீணை சகோதரர்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், தம்பி சாம்பசிவய்யர் மடியில் கிடத்தி வாசிப்பார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நாதமாக வாசித்தார்கள் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். அண்ணன் மறைந்தார். அந்த இரட்டை நாதம் அதோடு முடிந்தது, அதை யாரும் திரும்பக் கொண்டுவர முடியாது. சாம்பசிவய்யர் வீணையை மூடி வைக்கவில்லை. குழந்தையாகத் தம்மிடம் வந்து குருகுலவாசமாகக் கற்ற ரங்கநாயகியைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்தார். 1952-ல் சங்கீத நாடக அகாதமி விருது அவருக்கு வந்தது. அந்தக் கச்சேரிகளைப் போய்க் கேட்டவர்கள் யாரும் சுப்பராமய்யருக்குத் துரோகம் செய்துவிடவில்லை.

என்னைக் கேட்டால், யெஸ் விஷயத்தில் கஷ்டமான கேள்வி ஆண்டர்சன் பற்றியது இல்லை. 2015 ஜூன் 27-ல் ஸ்கொயர் இறந்தார். அதுவரை யெஸ் என்ற பெயரில் வந்த ஒவ்வொரு ஸ்டுடியோ ஆல்பத்திலும் இருந்த ஒரே ஆள் அவர். அந்த பேஸும் அந்தக் கீழ்க்குரலும் இல்லாமல், 1968-ல் தொடங்கியவர்களில் ஒருவரும் இல்லாமல், 2021-லும் 2023-லும் ஆல்பங்கள் வந்திருக்கின்றன. ஹோவின் கிதாருக்காகக் கேட்கிறேன். அட்டையில் யெஸ் என்று பார்க்கும்போது எனக்கும் கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது. அடுத்த படைப்புக்குக் கூடும்போது அண்ணனோடு இதைப் பேசுங்கள், இதில் அவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

டிராமாவை விற்காதீர்கள். இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டைப் போட்டு, பேஸைக் கூட்டி வைத்து, அவர் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெவன் அண்ட் எர்த் செத்த ஆல்பம் என்று அவர் சொன்னது சரி, அதற்கு அவர் சொன்ன காரணம்தான் தப்பு என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து உங்கள் அண்ணன்