இமாட்டினிப் பக்கவிளைவுகள்: கேள்வி பதில்

எனக்கு சி.எம்.எல். என்னும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் இருப்பது 2011-இல் தெரிந்தது. அன்று முதல் தினமும் அந்த நோயை அடக்கும் இமாட்டினிப் மாத்திரை, 400 மில்லிகிராம். மருந்தாளுநராக வேலை பார்த்தவள் என்பதால், வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

அக்கா, காலையில் எழுந்தால் இமை வீங்கிக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. கிட்னி போய்விட்டதா?

பயப்படாதீங்க தம்பி. கண்ணைச் சுற்றி நீர் கோப்பது இந்த மாத்திரையில் ரொம்பச் சாதாரணம். முதல் வருடம் எனக்கும் விடிகாலையில் இமை பலாச்சுளை மாதிரி உப்பியிருக்கும், பத்து மணிக்குள் வடிந்துவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்து, தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுங்கள். கிட்னி சந்தேகத்துக்கு கிரியாட்டினின் டெஸ்ட் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். நான் திங்கள்கிழமை தோறும் காபி குடிக்கும் முன் எடை பார்த்துக் காலண்டரில் குறித்து வைக்கிறேன். சில நாளிலேயே இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். நீர் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

மாத்திரை போட்டதும் குமட்டுகிறது.

வெறும் வயிற்றில் போடுகிறீர்களா? வயிறார ஒரு வேளை சாப்பிட்டு, ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு போடுங்கள். உடனே படுக்காதீர்கள். வாந்தி வந்துவிட்டால் இன்னொரு மாத்திரை போடக் கூடாது, அடுத்த வேளை வழக்கம்போல.

என் கணவர் ஆறே மாதத்தில் வெளுத்துவிட்டார். வெண்புள்ளியா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வி எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியும் அம்மா. என்னை "கலர் ஆயிட்டியே, என்ன க்ரீம்?" என்று கேட்டவர்களும் உண்டு. நடப்பது இதுதான். நோயை உண்டாக்கும் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். (BCR-ABL) என்ற புரதத்தை அடைப்பதுதான் மருந்தின் வேலை. ஆனால் அது சி-கிட் என்ற இன்னொரு புரதத்தையும் அடைத்துவிடுகிறது. தோலுக்கு நிறம் தரும் செல்களுக்கு அந்த சி-கிட் தேவை. அதனால் நிறம் மங்குகிறது. மாநிறக்காரர்களான நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. இது மருந்தால் வருவது, யாருக்கும் ஒட்டாது. மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் நிறம் திரும்பும், ஆனால் நிறத்துக்காக நிறுத்தாதீர்கள். வெயிலில் குடையும் முழுக்கைச் சட்டையும் போதும். ரத்தசோகையாலும் முகம் வெளிறும் என்பதால் ஹீமோகுளோபினையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ராத்திரி கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. கால்சியம் மாத்திரை போடலாமா?

முதலில் ரத்தத்தில் கால்சியம், மெக்னீசியம், பாஸ்பரஸ் பார்க்கச் சொல்லுங்கள். எது குறைகிறதோ அதைத்தான் கொடுப்பார்கள். படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையில் அழுத்தி, காலை நீட்டி இழுத்து நிற்பது எனக்குப் பலன் தந்தது.

மூன்றாம் மாதமே ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இறங்கி, டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். மருந்து தோற்றுவிட்டதா?

இல்லை. முதல் சில மாதங்களில் இது நடப்பதுதான். பொதுவாகத் தட்டணு 50,000-க்குக் கீழோ, நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு 1,000-க்குக் கீழோ போனால் நிறுத்தி வைத்து, ஏறியதும் மறுபடி தொடங்குவார்கள். காய்ச்சல் வந்தாலோ ஈறில் ரத்தம் கசிந்தாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம்.

வேறு மருந்துகள் சேர்த்துச் சாப்பிடலாமா?

எதுவானாலும் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். டி.பி.க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் எல்லாம் உடம்பில் இமாட்டினிப் அளவைக் குறைத்துவிடும். சில பூஞ்சை மருந்துகளும் கிரேப்ஃப்ரூட் பழமும் அளவைக் கூட்டிவிடும். நாட்டு மருந்துக்கும் இதே விதிதான், சூரணத்தில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் வேண்டாம்.

நான்கு வருடமாக ரிசல்ட் நன்றாக இருக்கிறது அக்கா. வீக்கம் தாங்கவில்லை, வாரத்தில் இரண்டு நாள் விட்டுவிட்டுப் போடுகிறேன். டாக்டருக்குத் தெரியாது.

தம்பி, இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நானும் இதைச் செய்தவள். 2014-இல் தங்கை கல்யாணப் போட்டோவில் முகம் உப்பித் தெரியக் கூடாது என்று ஒன்றரை மாதம் அங்கங்கே மாத்திரையை விட்டேன். ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று அளக்கும் பி.சி.ஆர். (PCR) டெஸ்ட்டில் அடுத்த தடவை அளவு ஏறியிருந்தது. "ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டபோது, ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை, வீக்கத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். அதை முதலிலேயே கேட்டிருக்கலாம். பி.சி.ஆர். இறங்க ஐந்து மாதம் ஆனது.

மருந்தையே நிறுத்திப் பார்க்கும் வழியும் இருக்கிறது. பல வருடம் சாப்பிட்டு, நோய் மிக ஆழமாக அடங்கி, அது குறைந்தது இரண்டு வருடமாவது அப்படியே நீடித்தவர்களுக்கு டாக்டரே அதைச் சொல்லலாம். அப்போதும் ஆரம்பத்தில் மாதா மாதம் பி.சி.ஆர். பார்க்க வேண்டும், ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்பி, மறுபடி மாத்திரைக்கு வருகிறார்கள். உங்கள் வீக்கத்துக்கு அளவை மாற்றலாம், வேறு மாத்திரைக்கும் போகலாம். விட்ட நாட்களை மறைக்காமல் தேதியோடு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.