வளையலை அடகு வைக்கும் முன் ஒரு சிவப்புப் பந்து

அம்மா, நேற்று தண்டையார்பேட்டையிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். "தானாக ஓடும் ரோபோவுக்கு புரோகிராம் எழுதணும்னு நிற்கிறாள், மூன்று மாத கோர்ஸுக்கு வளையலை அடகு வைக்கட்டுமா" என்று கேட்டீர்கள். ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தயங்கினேன். இப்போது எழுதுகிறேன்: வைக்காதீர்கள்.

அவள் ஆசை நல்ல ஆசை. ஆனால் அந்த வேலையில் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு முதலில் தெரியவேண்டும். சக்கரமும் மோட்டாரும் கடையில் கிடைத்துவிடும். கண்தான் பாடு, அதாவது கேமராவில் தெரிவதைப் புரிந்துகொள்வது. 640-க்கு 480 அளவுள்ள சின்னப் படத்திலேயே 3,07,200 புள்ளிகள். வண்ணப் படம் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை மூன்று எண்கள். ரோபோவுக்குக் கிடைப்பது அந்த எண்கள் மட்டுமே. அதற்குள் பந்து எது, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று நொடிக்குப் பல முறை கண்டுபிடிக்கவேண்டும். அதைத்தான் அவள் எழுத ஆசைப்படுகிறாள்.

இதை வீட்டிலேயே தொடங்கலாம். கேமரா உள்ள பழைய லேப்டாப் போதும். புரோகிராம் எழுதும் பைத்தான் மொழியும், படங்களை அலசும் ஓப்பன்சிவி என்ற மென்பொருள் தொகுப்பும் இலவசம். சிவப்புப் பந்தைக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுதச் சொல்லுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும். அதையே சாயங்காலம் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனால் பந்து 'காணாமல்' போய்விடும். வெளிச்சம் மாறினால் அந்தச் சிவப்பின் எண்களும் மாறிவிடும். காசிமேட்டில் விடியுமுன் பல்பு வெளிச்சத்தில் வாங்கிய மீன், விடிந்தபின் வேறு நிறமாகத் தெரியும் இல்லையா, அதே சங்கதி. நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனி எண்ணாகப் பிரிக்கும் எச்எஸ்வி என்ற முறையை அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். அந்த இடத்தில் அழுதாலும் மறுபடி உட்கார்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். எனக்கு மார்க் ஷீட்டைவிட அது பெரிது.

கணக்கில் அணிகளையும் (மேட்ரிக்ஸ்) வெக்டரையும் விட்டுவிடக்கூடாது. படத்தைத் திருப்புவது, கேமராவின் கோணத்தைக் கணக்கிடுவது எல்லாம் அதில்தான்.

அப்புறம் கல்லூரி. ரோபோட்டிக்ஸ் என்று பெயர் போட்ட பிரிவுதான் வேண்டும் என்று அலையாதீர்கள். நல்ல கல்லூரியில் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ், தகவல்தொடர்பு) கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்வேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், 2021 முதல் பொறியியலுக்கும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழை இப்போதே பள்ளியில் கேட்டு வையுங்கள். ஐ.ஐ.டி.களின் என்பிடெல் இணையப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். ரோபோ வேலைகள் சாதாரண சாஃப்ட்வேர் வேலைகளைவிடக் குறைவுதான். ஆனால் தொழிற்சாலையில் பாகங்களின் குறையைக் கேமரா வைத்துக் கண்டுபிடிப்பதும் இதே படிப்புதான். அதனால் வேலைக்கான வழி ஒரே கதவோடு நின்றுவிடாது.

அடுத்த சனிக்கிழமை மொட்டைமாடியில் எடுத்த வீடியோவோடு அவளை வரச் சொல்லுங்கள். பந்து கிடைக்காத வீடியோவாக இருந்தாலும் சரி.