இருவர் திருத்திய ஒரே கோப்பு

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து கோடோ எஞ்சினில் ஒரு புதிர் விளையாட்டை உருவாக்கி வருகிறோம். தினமும் இரவில் அவரவர் புராஜெக்ட் ஃபோல்டரை ஜிப் செய்து இணையச் சேமிப்பகத்தில் ஏற்றுவோம். ஞாயிறன்று ஒருவர் எல்லாவற்றையும் ஒன்றாக்குவார். சென்ற வாரம், மூன்று நாள் உழைத்து நான் அமைத்த கதவுகள் அத்தனையும் காணாமல் போயின. கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் (Git) மென்பொருளைப் பயன்படுத்தினால் இது தீருமா?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒன்றாக்கிய நண்பரைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு பிரதியில் கதவு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை என்றால், ஒருவர் புதிதாகச் சேர்த்தாரா, மற்றவர் வேண்டுமென்றே நீக்கினாரா என்பதை அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் சொல்ல முடியாது. இருவரும் எந்தப் பிரதியிலிருந்து வேலையைத் தொடங்கினார்களோ, அந்த மூலப் பிரதியும் கையில் இருக்க வேண்டும். லினக்ஸ் கெர்னல் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட், ஒவ்வொரு கமிட்டும் (சேமித்த பதிவும்) எதன் வழி வந்தது என்பதைக் குறித்து வைப்பதால், அந்த மூலத்தைத் தானே தேடியெடுத்து மூன்றையும் ஒப்பிடுகிறது. ஆகவே தயங்காமல் கிட்டுக்கு மாறுங்கள்.

ஆனால் கிட் வரிகளைத்தான் அறியும், விளையாட்டை அறியாது. கோடோவின் டிஎஸ்சிஎன் காட்சிக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள்: ஒவ்வொரு நோடுக்கும் (காட்சியின் உறுப்புக்கும்) சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு தலைப்பு வரியும், அதன் கீழே இடம், அளவு போன்ற மதிப்புகளும் இருக்கும். இருவர் ஒரே இடத்தில் வெவ்வேறு நோடுகளைச் சேர்த்தால், கிட் இரண்டையும் ஏழு சமக்குறிகளால் பிரித்து வைத்து, முடிவை உங்களிடம் விட்டுவிடும். இதுவே மோதல். அதைத் தவிர்க்க, விளையாட்டின் ஒரு முழு நிலையையும் (லெவல்) ஒரே காட்சியில் திணிக்காமல், கதவு, விசை, எதிரி ஆகியவற்றைத் தனித்தனிக் காட்சிகளாகச் சேமித்து, நிலைக்குள் இன்ஸ்டன்ஸாக (அக்காட்சியின் பிரதியாக) இணைத்துவிடுங்கள். கோப்புகள் சிறுத்தால் இருவர் கை ஒன்றில் படுவது அரிதாகும்.

படங்களும், முப்பரிமாண உருவங்களுக்கான பிளெண்டர் கோப்புகளும் வேறு வகை. அவற்றை வரி வரியாக இணைக்கவே இயலாது. அவற்றை, பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ் பொறுப்பில் விட்டு, திருத்துபவர் முதலில் பூட்டிக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். கிட் புராஜெக்ட்டுகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம், 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளைச் சாதாரண முறையில் ஏற்காது என்பதும் இதற்கு ஒரு காரணம். கோடோ 4 தானே உருவாக்கிக்கொள்ளும் ‘.கோடோ’ (.godot) ஃபோல்டரைக் கமிட்டில் சேர்க்காதீர்கள். படங்களுக்கு அருகே தோன்றும் இம்போர்ட் கோப்புகளையோ விடாமல் சேர்த்துவிடுங்கள்.

மோதலே இல்லாமல் இணைந்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். நீங்கள் ஒரு நோடின் பெயரை மாற்றியிருக்க, நண்பரின் ஸ்கிரிப்ட் அதைப் பழைய பெயரில் தேடிக்கொண்டிருந்தால், கிட் எதுவும் சொல்லாது. விளையாட்டு ஓடும்போதுதான் பிழை தெரியும். இணைத்தவுடன் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே புஷ் செய்யுங்கள் (பொதுச் சேமிப்பகத்துக்கு அனுப்புங்கள்). ஞாயிறு வரை சேர்த்து வைக்காமல் அன்றன்றே செய்யுங்கள்.

இழந்த கதவுகளையும் மீட்கலாம். நீங்கள் இரவுதோறும் ஏற்றிய ஜிப்களில் ஞாயிறுக்கு முந்தையதை எடுத்து, வேறு ஃபோல்டரில் விரித்து, காட்சி மரத்தில் கதவை வலது சொடுக்கி, அந்தக் கிளையைத் தனிக் காட்சியாகச் சேமிக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கோப்பையும் அது பயன்படுத்தும் ஸ்கிரிப்ட், படங்களையும் இப்போதைய புராஜெக்ட்டில் அதே பாதைகளில் வைத்து, நிலைக்குள் இன்ஸ்டன்ஸாக இணைத்தால், கதவு திரும்ப வந்துவிடும்.