வாசகர் கேள்வி பதில்: கல் போடக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள்

கேள்வி: ஆத்தங்குடியில் எங்கள் தந்தையார் தரைக்கல் பட்டறை நடத்துகிறார். கற்றுக்கொள்ள வரும் இளைஞர்கள் மூன்று, நான்கு மாதங்களில் நின்றுவிடுகிறார்கள். வேலை முழுவதையும் கைபேசியில் படம் பிடித்து வைத்தால் பிற்காலத்தில் எவரும் கற்றுக்கொள்ளலாம் என்கிறேன் நான். "படம் பார்த்தால் கல் போட வராது" என்கிறார் அவர். யார் சொல்வது சரி?
(வாசகர், காரைக்குடி)

பதில்: படம் பிடியுங்கள், ஆனாலும் தந்தையார் சொல்வதே சரி. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்தபின் மணலும் சிமெண்டும் கலந்த உலர்கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக்கலவையை நிரப்பி மட்டம் செய்வது வரை எல்லாமே படத்தில் தெரியும். குழம்பின் பதம் மட்டும் தெரியாது. அது தளர்ந்திருந்தால் ஒரு வண்ணம் மற்றொன்றுக்குள் ஓடிவிடும்; இறுகியிருந்தால் மூலைகளுக்குப் போய்ச் சேராது. ஐப்பசி அடைமழையில் மணலே ஈரத்தோடு இருக்கும்போது கோடையில் பழகிய அளவு கைகொடுக்காது.

இதைவிடப் பெரிய சிக்கல், கல்லின் முகம் கீழே கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பதுதான். தொட்டித் தண்ணீரில் ஊறிக் காய்ந்து, கண்ணாடி பிரிந்த பிறகே அதன் வழவழப்பும் குறையும் முழுமையாகத் தெரியவரும். அதற்குள் நாட்கள் கடந்துவிடுவதால், அந்தக் கல்லைப் போட்டபோது என்ன செய்தோம் என்பது கற்பவருக்கு மறந்துபோயிருக்கும். மூன்று மாதத்தில் போய்விடுகிறவர் தம் பிழைகளையே போதிய அளவு பார்க்காமல் போகிறார். ஆகவே, கற்பவர் போடும் ஒவ்வொரு கல்லின் முதுகிலும் ஈரம் காயுமுன் தேதியைக் கீறி வைக்கச் செய்யுங்கள். அன்றைய கலவையின் அளவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கண்ணாடி பிரிக்கும் நாளில் தந்தையார் பழுதான கல்லைக் கையில் எடுத்துக் காரணம் சொல்வாரே, அதைப் படம் பிடியுங்கள். நன்றாக வந்த கற்களைச் சுற்றுலா வருகிறவர்களே போதுமான அளவு படம் எடுத்துவிடுகிறார்கள்.

கூலியையும் கவனியுங்கள். உங்கள் பட்டறையில் கல் எண்ணிக்கைக்குக் கூலி என்றால், பழகும் காலத்திலாவது அதை நாள்கூலியாக மாற்றுவது நல்லது. கெட்டுப்போகும் கல்லின் நட்டத்தைப் புதியவர் தலையில் வைத்துவிட்டு, அவருக்குப் பொறுமை இல்லை என்று குறை சொல்வது நியாயமாகாது.

கேள்வி: நான் கல்லூரி மாணவி, ஊர் மதுரை. செட்டிநாட்டுக் கொட்டான் (பனையோலைக் கூடை) முடையக் கற்க விரும்புகிறேன். புவிசார் குறியீடு பெற்ற பொருளை வெளியூரார் செய்யலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: தாராளமாகக் கற்கலாம். 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் காப்பது பெயரைத்தான். முடையும் கையை அது தடுப்பதில்லை. அந்தப் பகுதியில் உற்பத்தி செய்து, சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகாரம் பெற்ற பயனராகப் பதிவு செய்தவரே அந்தப் பெயரில் விற்க உரிமையுள்ளவர். நலிந்திருந்த இக்கலையை எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை செட்டிநாட்டுப் பெண்களுக்குப் பயிற்சியளித்தே மீட்டது. முடையத் தெரிந்த அம்மா ஒருவரிடம் போனால், வண்ணக் கொட்டானில் கைவைக்க அவசரப்படாதீர்கள். சாயமிடாத ஓலையை ஒரே அகலத்தில் கிழிக்கப் பழகுங்கள். அகலம் மாறினால் முடைச்சலில் இடைவெளி விழும்.