லாரிக்காரர் தரும் ஒன்றரை லட்சத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் கணவர் கொத்தனார், வயது 34. பள்ளிகொண்டா அருகே ஹைவேயில் அவர் பைக் மீது கர்நாடகப் பதிவெண் லாரி மோதியதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இரண்டு மாதம் ஆகிறது. ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுங்கள், கேஸ் என்றால் பெங்களூருக்கு அலைய வேண்டும் என்கிறார் லாரி ஓனரின் ஆள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள் சகோதரி. பெங்களூரு கதையும் உண்மையில்லை. விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ உள்ள விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 166-ஆம் பிரிவு. உங்களுக்கு இரண்டுமே வேலூர் மாவட்டம்தான்.

நஷ்டஈடு தர வேண்டியது பெரும்பாலும் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி. இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), பர்மிட், டிரைவர் லைசென்ஸ் இவற்றில் ஏதாவது சரியில்லை என்றால்தான் சுமை ஓனர் தலையில் விழும். அவசரமாகப் பேரம் பேச வருகிறார் என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்.

அந்தக் கால் எவ்வளவு பெரிய இழப்பு என்று பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று தீர்ப்பாயம் ஏற்றால், எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 21,000. வருடத்துக்கு 2,52,000. அதை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவார்கள்; 34 வயதுக்கு அது 16. மொத்தம் 40,32,000. டாக்டர் சான்றிதழில் ஊனம் 60 சதவீதம் என்று இருந்தாலும், சாரம் ஏற முடியாத கொத்தனாருக்குச் சம்பாத்திய இழப்பு அதைவிட அதிகம் என்று வாதாடலாம். 80 சதவீதம் என்று ஏற்றாலே 32 லட்சத்தைத் தாண்டும். மருத்துவச் செலவு, செயற்கைக் கால், வலி வேதனைக்கு உள்ளது தனி.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையும் மேஸ்திரியின் சாட்சியமும் உதவும். எஃப்ஐஆர், மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் ஆவணம்), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை நகல்களை ஸ்டேஷனில் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் ஏஆர் காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி. மருந்துக்கடை பில் ஒன்றைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள்.

விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. உங்களுக்கு மிச்சம் நான்கு மாதம்.

அப்புறம், ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்காலத்து நீட்டும் புரோக்கர்களிடம் போகாதீர்கள். ஜெயித்த தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேசுவதற்கு பார் கவுன்சில் விதியில் இடமில்லை. கையில் பணமில்லையா? மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு. வேலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.