பூட்டு உடையவில்லை, ரகசியம் போய்விட்டது
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: ஃபயர்வால், ஆன்டி வைரஸ், வாசலில் கேமரா எல்லாம் வைத்திருக்கிறோம். யாரும் உள்ளே புகுந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் எங்கள் புது இயந்திரத்தின் வரைபடம் போட்டி நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கிறது. எப்படி ஐயா?
– வடிவமைப்பு நிறுவன மேலாளர்

பதில்: அந்த வரைபடத்தைத் திறக்க நீங்களே அனுமதி கொடுத்த ஒருவர் எடுத்திருக்கலாம், அல்லது அது கையில் இருந்த உங்கள் சப்ளையர். நிறுவனங்களின் கணினித் தணிக்கைதான் என் தொழில். இப்படிப் புகாரோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கடைசியாக வேலையை விட்டுப் போனவர் யார்?" என்றுதான்.

கூகுளின் தானியங்கி கார் பிரிவில் இருந்த ஆந்தனி லெவண்டோவ்ஸ்கி விஷயத்தைப் பாருங்கள். 2015 டிசம்பரில் சுமார் 14,000 கோப்புகளைத் தன் மடிக்கணினிக்கு இறக்கிக்கொண்டார் என்பது நிறுவனத்தின் வழக்கு. 2016 ஜனவரியில் ராஜினாமா. பிறகு அவர் தொடங்கிய நிறுவனத்தை ஊபர் வாங்கிவிட்டது. அவர் எந்தக் கடவுச்சொல்லையும் திருடவில்லை. விஷயம் வெளிவந்தது ஒரு சப்ளையரின் கைத்தவறால்: ஊபருக்குப் போக வேண்டிய மின்னஞ்சலில் பழைய நிறுவனத்தாரின் முகவரியும் சேர்ந்துவிட்டது. இணைப்பில் இருந்த சர்க்யூட் போர்டு வரைபடம் தங்களுடையதைப் போலவே இருப்பதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். 2020ல் ஒரு ரகசியத் திருட்டுக் குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டு 18 மாதத் தண்டனை பெற்றார். 2021 ஜனவரியில் அதிபர் மன்னிப்பு கிடைத்தது.

ராஜினாமா கடிதம் வந்த அன்றே எல்லோரும் அனுமதியை ரத்து செய்கிறார்கள். சரிதான், ஆனால் எடுக்க நினைத்தவர் அதற்கு முன்பே எடுத்திருப்பார். அதனால் கடிதத்துக்கு முந்தைய சில வாரங்களின் கணினிப் பதிவுகளைப் புரட்டுங்கள். தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஃபோல்டரைத் திறந்தாரா, வழக்கமாகப் பத்துக் கோப்பு எடுப்பவர் ஒரே இரவில் முழு ஃபோல்டரையும் இறக்கினாரா என்று தெரியும். அப்புறம், வேறு பிரிவுக்கு மாறிப் போனவர்களின் பழைய அனுமதிகள். நான் தணிக்கைக்குப் போகிற இடங்களில் அநேகமாக இதை யாரும் நீக்கியிருப்பதில்லை.

கேள்வி: பக்கத்து மேஜை நண்பர் அலுவலகக் கோப்புகளைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புகிறார். "வீட்டில் உட்கார்ந்து முடிக்க" என்கிறார். சொல்லிக் கொடுத்து அவர் பிழைப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. சும்மா இருப்பதும் உறுத்துகிறது.
– பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. இப்படி அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே வேலையை முடிக்கத்தான் அனுப்புகிறார்கள். ஆகவே முதலில் அவரிடமே பேசுங்கள்: "இது விதிக்கு விரோதம், நாளைக்கு உங்கள் கழுத்தைப் பிடிக்கும், மேலாளரிடம் கேட்டு முறைப்படி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்." நல்லெண்ணத்தில் செய்கிறவர் அன்றோடு நிறுத்திவிடுவார்.

அதற்கப்புறமும் தொடர்ந்தால், அல்லது மறைத்துச் செய்ய ஆரம்பித்தால், சொல்லியே ஆக வேண்டும். மறைப்பதுதான் அடையாளம். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டர்பைன் பொறியாளர் ஒருவர் 2018ல் தனக்குத் தானே அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தது சூரியன் மறையும் படம் ஒன்று. பார்க்கிறவர்களுக்கு அழகான காட்சி, அவ்வளவுதான். அந்தப் படக் கோப்புக்குள்தான் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கோப்புகளைப் புதைத்து வைத்திருந்தார். 2023ல் அவருக்கு இரண்டு ஆண்டு சிறை. வேலையை வீட்டில் முடிக்க நினைப்பவர் யாரும் இந்தப் பாடு படமாட்டார்.

சொல்லும்போது "இவர் திருடன்" என்று சொல்லாதீர்கள். எந்தத் தேதி, என்ன கோப்பு, எங்கே போனது என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். தீர்ப்பு சொல்வது விசாரிக்கிறவர்களின் வேலை.

கேள்வி: "ஆலோசனை நிறுவனம்" என்று சொல்லி ஒருவர் இணையத்தில் தொடர்பு கொண்டார். என் துறையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் நல்ல தொகை தருகிறாராம். பேசலாமா?
– உற்பத்திப் பிரிவுப் பொறியாளர்

பதில்: நேர்மையான ஆலோசனை நிறுவனங்களும் உண்டு. உங்கள் நிறுவன ரகசியத்தைப் பேசக் கூடாது என்று அவர்களே முதலில் எழுதி வாங்குவார்கள். மற்ற வகை எப்படி வரும் தெரியுமா? முதல் உரையாடல் பொதுவாக இருக்கும், பணமும் ஒழுங்காக வந்துவிடும். அடுத்ததில் "உங்கள் ஆலையில் எத்தனை சதவீதம் கழிவாகிறது?" என்பார்கள். அதற்கடுத்து "அந்த ஒரு பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்ப முடியுமா?" அதற்குள் நீங்கள் பணம் வாங்கியவர். முடியாது என்று சொல்ல வாய் வராது. அவர்கள் காத்திருந்ததும் அதற்காகத்தான்.

எனவே பணம் கை மாறுவதற்கு முன்பே உங்கள் அலுவலகத்தில் தெரிவித்துவிடுங்கள். 2020ல் டெஸ்லாவின் நெவாடா தொழிற்சாலை ஊழியர் ஒருவரிடம் ரஷ்யாவிலிருந்து வந்த ஒருவன், நிறுவனக் கணினியில் தீய மென்பொருளைச் செலுத்த 10 லட்சம் டாலர் தருவதாகப் பேசினான். அந்த ஊழியர் நேராக நிறுவனத்திடம் சொன்னார். விஷயம் எஃப்.பி.ஐ.க்குப் போனது, வந்தவன் பிடிபட்டான். கோடிகள் கொட்டி வாங்கிய எந்தக் கருவியும் செய்யாத காவலை ஒரு மனிதர் செய்தார். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கேள்வி: வேலை மாறும்போது நான் எழுதிய நிரலை நானே எடுத்துப் போகலாம்தானே?
– மென்பொருள் பொறியாளர்

பதில்: கூடாது. கற்ற திறமை உங்களுடையது. சம்பளத்துக்கு எழுதிய நிரல் பெரும்பாலும் நிறுவனத்துடையது. ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: எல்லா ஊழியர்களின் திரையையும் பதிவு செய்யும் மென்பொருள் போட நிர்வாகம் யோசிக்கிறது. உங்கள் கருத்து?
– மனிதவளப் பிரிவு அதிகாரி

பதில்: எனக்கு உடன்பாடில்லை. எல்லோரையும் சந்தேகித்தால், மேலே "பெயர் வேண்டாம்" என்று கேட்ட வாசகரைப் போல மனம் உறுத்திச் சொல்ல வருகிறவர் வாயை மூடிக்கொள்வார். மலைபோல் குவியும் பதிவுகளை உட்கார்ந்து பார்க்கவும் ஆள் இருக்காது. எது போனால் நிறுவனம் ஆடிப்போகுமோ அந்தச் சில கோப்புகளை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். அவற்றை நகல் எடுக்க இருவர் ஒப்புதல் வேண்டும் என்று வையுங்கள். கண்காணிப்பு உண்டு என்பதை ஊழியர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, கண்காணிப்பவரை யார் கண்காணிப்பது? நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் யுபிக்விட்டி நிறுவனத்தில் உயர்நிலை அனுமதி பெற்ற ஒரு மென்பொருளாளர் 2020 டிசம்பரில் தரவுகளைத் திருடினார். பிறகு முகம் தெரியாத ஹேக்கர் போல நிறுவனத்திடம் 50 பிட்காயின் கேட்டு மிரட்டினார். திருட்டை விசாரித்த குழுவிலும் அவரே இருந்தார்! வீட்டு இணையம் ஒரு கணம் அறுந்து வந்தபோது, வி.பி.என். (இணையத்தில் ஆளின் அடையாளத்தை மறைக்கும் சேவை) மறைத்து வைத்திருந்த அவருடைய சொந்த ஐ.பி. முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்) பதிவாகிவிட்டது. அதில்தான் மாட்டினார். 2023ல் ஆறு ஆண்டு சிறை. திருடும்போது அவர் செய்த காரியங்களில் ஒன்று, யார் என்ன செய்தார் என்று கணினி குறித்து வைக்கும் சில பதிவுகள் ஒரே நாளில் அழிந்துபோகும்படி அமைப்பை மாற்றியது. உங்கள் நிறுவனத்தில் அட்மினால் அழிக்க முடியாத இடத்தில் அந்தப் பதிவுகளின் நகல் இருக்கிறதா? திரைப் பதிவு மென்பொருளுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அதற்குச் செலவிடச் சொல்லுங்கள்.