முழங்கால் வலி இருக்கிற அம்மாவை கூட்டிட்டுப் போய் பழைய வீட்ல ரூம் எடுத்து தங்கலாமா?

அம்மாவுக்கு முழங்கால் வலி, ராத்திரி 10 மணிக்கு மேலதான் போய் சேருவோம், அஞ்சே ரூம் இருக்கிற நூறு வருஷ வீடு, புக் பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா பண்ணுங்க, ஆனா ஆப்ல டக்குன்னு பணத்த கட்டிடாதீங்க, முதல்ல ஓனருக்கு ஒரு போன் போடுங்க. இந்த மாதிரி வீட்ல ஒரு ரூம் மாதிரி இன்னொன்னு இருக்காது, அதனால கீழ் ரூம் இருக்கான்னு மட்டும் கேட்டா பத்தாது, வாசல்ல எத்தனை படி, பாத்ரூம் ரூமுக்குள்ளயே இருக்கா இல்ல பொதுவா, கட்டில் எவ்ளோ உயரம், எல்லாத்தையும் கேளுங்க. பாரம்பரியக் கட்டடம்னு அரசு பாதுகாக்குற வீடுன்னா லிஃப்ட் வைக்க பர்மிஷன் வாங்குறதே கஷ்டம், அதனால லிஃப்ட் இருக்கும்னு நம்பாதீங்க. நான் ஒரு தடவை போட்டோவ நம்பி போய், கைப்பிடியே இல்லாத குறுகலான மரப்படில பெட்டிய தலைக்கு மேல தூக்கிட்டு ஏறினேன், ஒவ்வொரு படியும் கிரீச்னு கத்தி வீட்டையே எழுப்பி விட்டுடுச்சு!

லேட்டா வர்றத இப்பவே சொல்லிடுங்க, ராத்திரி ரிசப்ஷன்னு தனியா ஆள் இருக்க மாட்டாங்க, ஓனரே தூங்கப் போயிடுவாங்க, சாவி எங்க இருக்கும்னு மெசேஜா வாங்கி வச்சுக்கோங்க. கேன்சல் ரூலும் பாருங்க, அஞ்சுல ஒரு ரூம் காலியானாலே அவங்களுக்கு அடி, கறாராத்தான் இருப்பாங்க. சுவர் தடிமனா இருந்தா வைஃபை சரியா எடுக்காம போகலாம், அத விடுங்க.